ஏழாம் எல்லைக்கல்

கல்லு நடந்தது. இதை முதலிலயே சொல்லிப்போடுறன், ஏனெண்டால் பாதிக் கதையில வந்து "அதெப்பிடித் தவமலர், கல்லு நடக்கும்?" எண்டு கேக்கிற ஆக்களோட மினக்கெட எனக்கு நேரமில்லை. கால் இருந்ததோ, சில்லு பூட்டினவையோ, நிலத்துக்குக் கீழ ஏதும் ஆறு ஓடினதோ எண்டெல்லாம், பல்கலைக்கழகத்தில இருந்து வந்து தோண்டிப் பாத்திட்டுப் போனவையிட்டக் கேளுங்கோ. நான் பதினாலாம் நம்பர் பஸ் ஓட்டுறவள். கல்லு வந்தது, நிண்டது, பிறகு போனது. வந்ததுக்கும் போனதுக்கும் இடையில நாங்கள் பட்ட பாட்டைத்தான் நான் சொல்லப்போறன்.

ஆல்டர்விக் எண்டது இங்கிலாந்தின்ர நடுவயித்தில கிடக்கிற சின்ன ஊர். பழைய ஊர் எண்டு அவைக்குச் சரியான பெருமை. ஒரு ராசா ஒருநாள் மத்தியானம் சாப்பிட்ட வீட்டில ஒரு நீல நினைவுப் பலகை, அந்த ராசா படுத்தெழும்பின அறைக்கு ஒரு பலகை, அவற்ற குதிரை தண்ணி குடிச்ச பாலத்தடிக்கு இன்னொரு பலகை. ஆனால் அந்தக் குதிரைக்குச் சேணம் செய்யத் தோல் ஊறப்போட்டு, சுண்ணாம்புத் தண்ணிக்குள்ள முழங்கால் மட்டும் நிண்டு, நகம் கழண்டு செத்த சனத்துக்கு ஒரு பலகையும் இல்லை. அந்தச் சனம் இருந்த தெருவிலதான் நான் இருக்கிறன். டானர்ஸ் ரோ எண்டு பேர், தோல் பதனிடுறவையின்ர தெரு எண்டு அர்த்தம். இருபத்திமூண்டு செங்கல் வீடு, ஒண்டோட ஒண்டு தோள்முட்டிக்கொண்டு நிக்கும். ஆறு வீட்டில எங்கட ஆக்கள், மிச்சத்தில போலந்துக்காரர், ரெண்டு சோமாலியக் குடும்பம், பிறகு தோல் காலத்தில இருந்தே அங்க கிடக்கிற வெள்ளைக்காரர்.

ஊரைச் சுத்திப் பன்னிரண்டு எல்லைக்கல்லு. எழுநூறு வருசத்துக்கு முந்தி, அந்தச் சாப்பிட்ட ராசாதான், வயிறு நிறைஞ்ச சந்தோசத்தில ஒரு பட்டயம் எழுதிக் குடுத்தவராம்: பன்னிரண்டு கல்லுக்கு உள்ள படுத்தெழும்புற ஒருத்தரையும் அவையின்ர சம்மதமில்லாமல் ஒருத்தரும் கிளப்பேலாது, ராசாவே வந்தாலும் கிளப்பேலாது. ஆறாம் கல்லு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால, ஏழாம் கல்லு சேர்ச் வேலிக்கரையில, எட்டாம் கல்லு பாலத்தடியில. எங்கட தெரு ஏழாம் கல்லுக்கு வெளியில. தோல் நாறுது எண்டு அந்த நாளிலயே எங்களை வெளியில விட்டுத்தான் கோடு கீறியிருக்கினம். எங்களை எண்டு சொல்லுறன் பாருங்கோ, அந்த நாளில எங்கட ஆக்கள் ஒருத்தரும் அங்க இல்லை. எண்டாலும் வெளியில விட்டவை எண்டு கேட்டால் எனக்கு உடன எங்களை எண்டுதான் வாயில வரும்.

வருசத்துக்கு ஒருக்கா, யேசுநாதர் பரலோகம் ஏறின வியாழக்கிழமை, ஊர்ச்சனம் வில்லோ மரத்துத் தடியளோட எல்லையைச் சுத்தி நடந்து ஒவ்வொரு கல்லுக்கும் அடிபோடும். கோடு எதுக்கால போகுதோ அதுக்காலதான் நடக்கவேணும். குறுக்க வேலி நிண்டால் வேலி ஏறிக் குதிக்கவேணும், வீடு நிண்டால் ஒரு வாசலால போய் மற்ற வாசலால வரவேணும். முந்தி ஒரு காலத்தில சின்னப்பிள்ளையளைத் தலைகீழாப் பிடிச்சு மண்டையைக் கல்லில முட்டுவினமாம், வளந்த பிறகும் எல்லை எதிலை எண்டு மறக்காமல் இருக்கிறதுக்கு. நாங்கள் ஞாபகசக்திக்கு வல்லாரைச் சம்பல் குடுத்தம், இவை பிள்ளையின்ர மண்டையைக் கல்லில மோதினவை.

இந்தப் பட்டயம், கல்லு, தடி எல்லாத்துக்கும் காவல் ஒரு பாரம்பரியச் சங்கம். அதுக்குத் தலைவர் மிஸ்டர் விட்கோம்ப், ஓய்வுபெற்ற பூமிசாத்திர வாத்தியார், எழுபது தாண்டின மனுசன், வீட்டுக்குள்ளயும் தொப்பி கழட்டமாட்டார். பட்டயத்தின்ர வசனத்தைக் கோப்பை துடைக்கிற துணியில அச்சடிச்சு ஊரெல்லாம் பரப்பினவர் அவர்தான். என்ர குசினியிலயும் ஒண்டு தொங்குது. ஒவ்வொரு நாளும் பீங்கான் துடைச்சுத் துடைச்சு அந்த வசனம் எனக்குத் தேவாரம் மாதிரிப் பாடம்.

போன மாசி மாசம் கவுன்சிலால கடிதம் வந்தது. ஊரின்ர பழமையைப் பாக்க வாற சனத்தின்ர பஸ்ஸுகள் நிக்க இடம் காணாதாம், அதுக்காக டானர்ஸ் ரோவை இடிக்கப்போகினமாம். பழமையைப் பாக்க வாறவைக்காகப் பழைய வீட்டை இடிக்கிற ஞாயம் எனக்கு இண்டைக்கு வரைக்கும் விளங்கேல்லை. கடிதத்தின்ர அடியில பாரம்பரியச் சங்கமும் ஒரு வரி எழுதியிருந்தது: இந்தத் தெரு எல்லைக்கு வெளியில இருக்கிறபடியால் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை. கையெழுத்து, விட்கோம்ப்.

எனக்கு இது ரெண்டாந்தரம். நான் பிறந்த ஊரில, சண்டைக் காலம், எனக்கு இருபத்திமூண்டு வயசா இருக்கேக்க, ஒரு நாள் ஆமிக்காரற்ற முள்ளுக்கம்பி வந்தது. அண்டைக்குக் காலமை நாங்கள் கம்பிக்கு இந்தப்பக்கம் எண்டு சொல்லிச்சினம், வீடு அந்தப்பக்கம் எண்டு சொல்லிச்சினம். அடுப்பில உலை வச்சது வச்சபடி. கோடு கீறினவன்ர முகத்தைக்கூட நான் பாக்கேல்லை. அதுக்குப் பிறகு எத்தினை நாடு, எத்தினை அறை, எத்தினை பேற்ற சோபா. டானர்ஸ் ரோவின்ர கடைசி வீட்டுத் திறப்பு கைக்கு வந்த அண்டு நானும் என்ர மனுசனும் வெறும் நிலத்தில படுத்து முகட்டைப் பாத்துக்கொண்டு சிரிச்சம். மனுசன் இப்ப இல்லை. வீடு இருக்கு. அந்தக் கடிதத்தை வாசிக்கேக்க எனக்கு நெஞ்சு பத்தி எரிஞ்சுது. ஒருக்காப் போனது காணும், இன்னொருக்கா விடமாட்டன், செத்தாலும் விடமாட்டன் எண்டு பஸ் ஓட்டுற நேரமெல்லாம் வாய்க்குள்ள சொல்லிக்கொண்டே திரிஞ்சன்.

சித்திரை மாசம் ஒரு திங்கக்கிழமை, காலமை வேலை முடிச்சுப் பத்தரைக்கு வீட்டை வாறன், என்ர வாசல்படியில, கேற்றுக்கு உள்பக்கம், இடுப்பளவு உயரத்தில ஒரு கல்லு நிக்குது. மேலெல்லாம் சாம்பலும் மஞ்சளுமாப் பாசி. சேர்ச் வேலியில இருந்து என்ர வாசல் மட்டும் புல்லு உரிஞ்ச தடம். பக்கத்து வீட்டு டொரீன், நாப்பது வருசம் இறைச்சிக்கடையில கத்தி பிடிச்ச மனுசி, தேத்தண்ணிக் கோப்பையோட மதிலில சாஞ்சுகொண்டு நிண்டவ.

"எட்டு மணிக்கே வந்திட்டுது. றோட்டைக் கடக்கேக்க ரெண்டு பக்கமும் காருக்கு விட்டுத்தான் கடந்தது. நல்ல பழக்கம் உள்ள கல்லு" எண்டா.

"என்னத்துக்கு என்ர வாசலுக்கு?"

"எனக்கென்ன தெரியும், செல்லம்? உன்ரதான் தெருவில கடைசிக் கேற். திறந்தும் கிடந்தது."

உடன தெருவில இருந்த எல்லாரும் வந்திச்சினம். ஒருத்தரும் வாயில கைவைக்கேல்லை. மழை வருமோ எண்டு பாத்திச்சினம், கல்லுக்குக் குளிருமோ எண்டு கேட்டிச்சினம், சோமாலியத் தாய் ஒருத்தி அதுக்குப் பக்கத்தில தண்ணி வச்சிட்டுப் போனா. பின்னேரம் டொரீன் கோப்பைத் துணியை எடுத்து விரிச்சு உரத்து வாசிச்சா: பன்னிரண்டு கல்லுக்கு உள்ள படுத்தெழும்புற ஒருத்தரையும். வாசிச்சிட்டுக் கல்லைப் பாத்தா, தெருவைப் பாத்தா. கல்லு தெருவின்ர கடைசித் தொங்கலில, என்ர வாசலில நிக்குது. அப்ப நாங்கள் இருபத்திமூண்டு வீடும் உள்ள.

கவுன்சில் லொறியும் பாரந்தூக்கியும் அனுப்பிக் கல்லைத் தூக்கிக்கொண்டுபோய் வேலிக்கரையில திரும்ப நட்டது. புதன்கிழமை கல்லு என்ர வாசலில. திரும்பவும் கொண்டுபோச்சினம், வெள்ளிக்கிழமை திரும்பவும் வந்துது. மூண்டாந்தரம் அடியில சீமெந்து கொட்டி இறுக்கிச்சினம், கல்லு சீமெந்துக் கட்டியையும் இழுத்துக்கொண்டு, கொஞ்சம் மெதுவா, செவ்வாய்க்கிழமை வந்து சேந்தது. அதுக்குப் பிறகு கவுன்சில்காரர் களைச்சுப்போய், ஆரும் தடக்கி விழுந்தால் வழக்கு வரும் எண்டு, கல்லைச் சுத்தி நாலு செம்மஞ்சள் கூம்பு வச்சு, கல்லுக்கும் றோட்டு வேலை செய்யிறவை போடுற மினுங்கல் சட்டை ஒண்டைப் போட்டுவிட்டிட்டுப் போச்சினம்.

எங்கட ஆக்கள் சும்மா இருப்பினமோ? தமிழ்ச் சங்கத் தலைவர் அருளம்பலம் அண்ணை, ரெண்டு பலசரக்குக் கடை வச்சிருக்கிறவர், பத்தொன்பதாம் நம்பர் வீடு, வந்து கல்லைச் சுத்தி ஒருதரம் நடந்து பாத்திட்டுச் சொன்னார், "தங்கச்சி, எல்லையில நிண்டு காவல் காக்கிறது எங்கட சாமியளில ஆர்?"

"வைரவர்."

"அப்ப பிறகென்ன?"

பிறகென்ன, வெள்ளிக்கிழமை வைரவருக்கு மடை வச்சுப் படையல். அவற்ற மனுசி பராசக்தி அக்கா நூற்றியெட்டு உழுந்து வடை சுட்டு மாலையாக் கோத்துக்கொண்டு வந்தா. போலந்துப் பெட்டையள் பூக்கொண்டு வந்திச்சினம். முதலில சாமியை முழுகவாக்க வேணும் எல்லே? நானும் பராசக்தி அக்காவும் சேலையை இடுப்பில செருகிக்கொண்டு, தேசிக்காயும் தேங்காய்த் தும்பும் போட்டு, அடிக்கு மேல அடி உரஞ்சி, வெந்நீர் ஊத்தி, பால் ஊத்தி, நல்லெண்ணெய் பூசி விட்டம். கல்லு கறுகறுவெண்டு மினுங்கினது. வடைமாலை போட்டு, மினுங்கல் சட்டையைத் திரும்பப் போட்டு, கற்பூரம் கொளுத்தினால், அப்பிடி ஒரு வடிவு. டொரீன் மாலையில இருந்து நாலு வடையைப் பிச்சுச் சாப்பிட்டா. நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை, வைரவரும் ஒண்டும் சொல்லேல்லை.

அந்த நேரம் பாத்து விட்கோம்ப் வந்தார். கல்லைக் கண்டவுடன மனுசன்ர முகம் வெள்ளைத்தாள்.

"பாசி எங்க?"

"உரஞ்சிப்போட்டம்" எண்டன், ஒரு பெருமையோட.

"அது அறுநூறு வருசத்துப் பாசி, மிஸஸ் தவா!"

"அறுநூறு வருசமா ஒருத்தரும் முழுகவாக்கேல்லையோ? பாவம்."

மனுசன் படியில குந்தியிட்டார். எனக்குச் சிரிப்பு. அடுத்த கிழமை கடிதம் வந்த பிறகுதான் சிரிப்புப் போனது. கவுன்சிலின்ர ஆய்வாளர் எழுதியிருந்தார்: ஏழாம் கல்லுக்கு அடையாளமே அதின்ர பாசிதான், எல்லாப் படத்திலயும் ஏட்டிலயும் பாசி இருக்கு, உங்கட வாசலில நிக்கிற கல்லில ஒரு சொட்டுப் பாசியும் இல்லை, ஆகையால் அது ஏழாம் கல்லு இல்லை, குடியிருக்கிறவை எங்கயோ இருந்து கொண்டுவந்து வச்ச கல்லு. வேலிக்கரையில இருந்த கல்லு காணாமல் போனதெண்டு பதியப்படும். ஆனி மாசம் இடிப்பு. தாங்களே மூண்டுதரம் தூக்கிக்கொண்டுபோய் நட்ட கல்லு எண்டது அவைக்கு மறந்துபோச்சு.

வடிவாத் தேய்ச்சுக் குளிப்பாட்டி எங்கட வீட்டை நாங்களே இடிச்சுப்போட்டம். வெள்ளைக்காரனுக்கு ஊத்தைதான் சாட்சி எண்டு எங்களுக்கு ஆர் சொன்னது? பராசக்தி அக்கா மூண்டு நாள் அழுதா. நான் அழேல்லை, எனக்கு ஆத்திரம்தான் வந்தது. முதலில அவையில, பிறகு என்னில, பிறகு அந்தக் கல்லிலயும். "உமக்கு ஒரு வாய் இருந்தால் சொல்லுமன், ஆர் எண்டு!" எண்டு வாசலில நிண்டு கத்தினன். கல்லு எண்ணெய் வழிய நிண்டது.

வழி சொன்னது டொரீன். பழைய முறை ஒண்டு இருக்காம். ஒரு கல்லில சந்தேகம் வந்தால், எல்லை நடக்கிற வியாழக்கிழமை, அந்தக் கல்லில மண்டை முட்டுப்பட்ட ஆராவது ஊருக்கு முன்னால வந்து இதுதான் எண்டு சொல்லவேணும், சொன்னால் அதுக்கு மேல பேச்சில்லை. மேயர் சங்கிலி போட்டுக்கொண்டு நடக்கிற விழா, வெளியூர்ச் சனம் படமெடுக்க வாற விழா, கவுன்சிலால அந்த முறையை மாட்டன் எண்டு சொல்லேலாது. சரி, ஏழாம் கல்லில முட்டுப்பட்டவை ஆர் இருக்கினம்? நாலு பேர் செத்துப்போச்சினம், ஒருத்தர் ஒஸ்ரேலியாவில ஆரையும் தெரியாமல் கட்டிலில. மிச்சம் ஒருத்தர்தான். எட்டு வயசில முட்டுப்பட்டவர். விட்கோம்ப்.

நான் அவற்ற வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டன். "எனக்கு ஞாபகமில்லை" எண்டு சொல்லிப்போட்டுக் கதவைச் சாத்தினார்.

வியாழக்கிழமையும் வந்தது. நல்ல வெய்யில். இருநூறு சனம், மேயர் சிவப்பு அங்கியும் சங்கிலியும், ஊர் அறிவிப்பாளர் மணியோட, எல்லாற்ற கையிலயும் வில்லோத் தடி. ஒண்டில இருந்து தொடங்கி அஞ்சு கல்லுக்கு அடிபோட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஆறாம் கல்லுக்கும் அடிபோட்டு, அங்க நிண்டு பாத்தால், ஏழாம் கல்லு இப்ப என்ர முன்வாசலில, நேர்க்கோடு என்ர பின்வளவு மதில் ஏறி, பின்கதவால குசினிக்குள்ள புகுந்து, கூடத்தால முன்கதவுக்கு வரவேணும். சந்தேகக் கல்லு எண்டாலும் அதடிக்குக் கோட்டாலதான் போகவேணும், முறை எண்டால் முறை. மேயர் மதில் ஏறினார். அங்கி கிழிஞ்சது. நான் பின்கதவில குறுக்க நிண்டன்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ."

"மேடம், இது எழுநூறு வருசத்து ஊர்வலம்" எண்டார் மேயர்.

"இது என்ர வீடு. உள்ள சாமிப்படம் இருக்கு. ராசாவே வந்தாலும் கழட்டித்தான் வரவேணும்."

அவர் சனத்தைப் பாத்தார், சனம் அவரைப் பாத்தது, பிறகு மேயர் குனிஞ்சு நாடாவை அவிழ்த்தார். அதுக்குப் பிறகு ஒவ்வொருத்தராக் குந்திக் கழட்டத் தொடங்கிச்சினம். என்ர கறிவேப்பிலைச் சாடியளுக்குப் பக்கத்தில இருநூறு சோடி சப்பாத்து. மேயரின்ர காலுறையில பெருவிரல் வெளியில எட்டிப் பாத்தது. ஆரும் சிரிக்கேல்லை, ஏனெண்டால் பாதிப்பேற்ற காலுறையும் அப்பிடித்தான். எல்லாரும் மெதுவா, சேர்ச்சுக்குள்ள போற மாதிரித் தலையைக் குனிஞ்சுகொண்டு, என்ர அடுப்பைக் கடந்து, என்ர மனுசன்ர படத்தைக் கடந்து போச்சினம். பராசக்தி அக்கா வாசலில நிண்டு ஒவ்வொருத்தற்ற கையிலயும் ஒரு வடை வச்சா.

கடைசியாத்தான் விட்கோம்ப் வந்தார். நான் கோப்பைத் துணியை அவருக்கு முன்னால பிடிச்சன்.

"இதை அச்சடிச்சது நீங்கள். நீங்கள் சும்மா வடிவுக்கு அச்சடிச்சிருப்பியள். நான் நம்பினனான். பதினாறு வருசமா ஒவ்வொரு நாளும் வாசிச்சு நம்பினனான். எங்களை வெளியில விட்டுக் கையெழுத்து வச்சியள், சரி, நாங்களும் உங்கட பாசியை உரஞ்சிப்போட்டம், அது எங்கட பிழை, தெரியாமல் செய்த பிழை. நீங்கள் தெரிஞ்சு செய்தனீங்கள்."

மனுசன் காலுறையோட நிண்ட இடத்தில குனிஞ்சு என்ர குசினி நிலத்தைத் தொட்டுப் பாத்தார். "நிலம் சூடா இருக்கு" எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போனார்.

வாசலில கல்லைச் சுத்தி வெறுங்காலோட ஊர் நிண்டது. மேயர் கேட்டார், "இது ஏழாம் கல்லு எண்டு சொல்ல இந்த ஊரில ஆராவது இருக்கிறியளோ?" ரெண்டாந்தரம் கேட்டார். மூண்டாந்தரம் கேக்க வாயெடுக்கேக்க, விட்கோம்ப் முன்னுக்கு வந்து தொப்பியைக் கழட்டினார். வழுக்கை மண்டையில, உச்சிக்குக் கொஞ்சம் இடப்பக்கம், ஒரு வளைஞ்ச தழும்பு.

"என்னைத் தலைகீழாப் பிடியுங்கோ" எண்டார்.

டொரீன் ஒரு காலையும் அருளம்பலம் அண்ணை மற்றக் காலையும் பிடிச்சுத் தூக்கிச்சினம். எழுபத்தொரு வயசு மனுசன், காற்சட்டைப் பையில இருந்து பேனையும் கண்ணாடியும் விழ, தலைகீழாத் தொங்கிக்கொண்டு, கையால கல்லைத் தடவித் தடவி, இடப்பக்க மூலையில உடைஞ்ச ஒரு விளிம்பைக் கண்டுபிடிச்சார். பாசி இருந்திருந்தால் அந்த விளிம்பு வெளியில தெரிஞ்சிராது. மண்டையை அதில வச்சார். தழும்பு விளிம்பில மூடி போட்ட மாதிரிப் பொருந்தினது. அப்பிடியே கண்ணை மூடிக்கொண்டு அழுதார்.

"இதுதான். இந்தக் குளிர்தான். நான் அம்மா எண்டு கத்தினன், ஒருத்தரும் விடேல்லை. இதுதான் ஏழாம் கல்லு."

ஏட்டில எழுதிச்சினம். எல்லாரும் தடியால கல்லுக்கு அடிபோட்டிச்சினம். வைரவருக்கே அடியோ எண்டு பராசக்தி அக்கா முதலில பதறினா. நாங்கள் சாமிக்கு முன்னால எங்கட தலையில குட்டுறம், இவை சாமிக்கே குட்டுகினம், அவ்வளவுதான் எண்டு நான் சொன்ன பிறகு, "குறை நினையாதேங்கோ" எண்டு கும்பிட்டிட்டு அவவும் ரெண்டு போட்டா. டானர்ஸ் ரோ உள்ள வந்தது. டொரீன் நடுத்தெருவில ஆடினா. நானும் ஆடினன், எனக்கு ஆடவே தெரியாது.

இதோட கதை முடிஞ்சிருந்தால் நல்ல கதை. ஆனால் ஆனி மாசம் பத்தாந்தேதி காலமை கல்லு திரும்பவும் அசையத் தொடங்கினது. இந்தமுறை வெளிப்பக்கம், பைபாஸ் றோட்டை நோக்கி.

பைபாஸுக்கு அங்கால ஒரு பழைய மோட்டல் இருக்கு. அதுக்குள்ள அகதியளை வச்சிருக்கினம், நூற்றிப்பத்துப் பேர், சூடானில இருந்தும் ஆப்கானில இருந்தும் எங்கெங்கோ இருந்தும். அந்த மாசக் கடைசியில அவையை எல்லாம் ஏத்திக்கொண்டுபோய் கடற்கரைப் பக்கம் ஒரு பழைய ஆமி முகாமில விடப்போகினம் எண்டு பேப்பரில வந்திருந்தது. கல்லு அங்கதான் போகுது எண்டு விளங்க ஒருத்தருக்கும் கனநேரம் எடுக்கேல்லை. கவுன்சிலுக்கும் விளங்கினது. அண்டு மத்தியானமே தெருவுக்குக் கடிதம்: கல்லு இனி ஒரு அடி அங்கால போனாலும் பட்டயத்தையே ரத்துச் செய்யச் சொல்லி மேல்நீதிமன்றம் போவம், அப்பிடி ரத்தானால் டானர்ஸ் ரோவுக்கும் பாதுகாப்பில்லை.

அருளம்பலம் அண்ணை கடையின்ர இரும்புச் சங்கிலியையும் பூட்டையும் கொண்டுவந்து, கல்லைச் சுத்திக் கட்டி என்ர கேற்றோட பூட்டினார்.

"தங்கச்சி, நல்லா யோசி. இவ்வளவு பாடுபட்டு உள்ள வந்திருக்கிறம். அவை நேற்று வந்த சனம். அவைக்காக எங்கட வீட்டை விடேலுமோ?"

"அண்ணை, நீங்கள் இந்த நாட்டுக்கு எதில வந்தனீங்கள்?"

"அது வேற கதை."

"பண்டி இறைச்சி லொறியில எல்லே, பண்டியளுக்கு நடுவில தொங்கிக்கொண்டு? சைவக்காரர் எண்டு பண்டி சொன்னதோ, உமக்கு இதுக்குள்ள இடமில்லை எண்டு?"

"நக்கலடிக்காத. உன்ர வீடும்தான் போகும். ரெண்டாந்தரமும் தெருவில நிப்பாய்."

அவர் பொய் சொல்லேல்லை. அவர் போன பிறகு நான் படியில குந்தியிருந்து பாத்தன். கல்லு இழுக்குது, சங்கிலி இறுகுது, கேற் முனகுது. இந்த வீட்டை நான் என்ர உயிரைவிட மேலா வச்சிருக்கிறன், அதை நான் ஒளிக்கேல்லை. எனக்குப் பயம். ஆனால் கம்பியடியில நிண்ட இருபத்திமூண்டு வயசுக்காரி என்னை விட்டு இன்னும் போகேல்லை. அண்டைக்கு ஒரு கல்லு, ஒரு தடி, ஒரு மனுசர் எங்கட பக்கம் அரை அடி நகந்திருந்தால் எண்டு நான் நினைக்காத நாள் இல்லை. இப்ப நகருற கல்லை என்ர கேற்றிலயே கட்டி வச்சுக்கொண்டு நான் எப்பிடிச் சோறு தின்னுறது?

சங்கிலியும் பூட்டும் அவற்ற. அவற்ற சொத்தில நான் கைவைக்கேல்லை. கேற் என்ர. மனுசன்ர பழைய ஸ்பானரை எடுத்து, தூணில இருந்த பிணைச்சலைக் கழட்டி, கேற்றை நிலத்தில சரிச்சு விட்டன். கல்லு ஒருக்கா ஆடி நிண்டது. பிறகு மினுங்கல் சட்டையும் வெள்ளிக்கிழமை போட்ட வடைமாலையுமா, சங்கிலியில கேற்றையும் இழுத்துக்கொண்டு, தெருவால இறங்கிப் போனது.

எனக்குப் பின்னேரம் மூண்டு மணிக்கு வேலை. பதினாலாம் நம்பர் பஸ்ஸை எடுத்துக்கொண்டு பைபாஸால வாறன், இருபத்தெட்டுச் சனம் உள்ள, கல்லு அந்த நேரம் றோட்டுக்கரைக்கு வந்து நிக்குது. நாலு ஒழுங்கை றோட்டு, போக ரெண்டு, வர ரெண்டு. ஒரு நிமிசத்துக்கு அம்பது லொறி, ஒண்டும் நிக்காது. கல்லு நல்ல பழக்கம் உள்ள கல்லு, விலத்தி விலத்திக் காத்துக்கொண்டு நிக்குது. அப்பிடி நிண்டால் மாசக் கடைசி மட்டும் நிக்கவேண்டியதுதான்.

நான் பஸ்ஸைத் திருப்பினன். இந்தப்பக்க ரெண்டு ஒழுங்கைக்கும் குறுக்கால, ஒரு சைக்கிளும் போக இடமில்லாமல், நீட்டாக் கொண்டுபோய் நிப்பாட்டினன். அபாய விளக்கைப் போட்டன். பின்னால லொறியள் கிறீச்செண்டு நிண்டு ஹோர்ன் அடிக்கத் தொடங்கிச்சுது. நாலாம் சீற்றில இருந்த டொரீன் ஒரு கேள்வியும் கேக்கேல்லை, கதவைத் திறக்கச் சொல்லி இறங்கி, நடுத்திட்டைக் கடந்து அந்தப்பக்க ஒழுங்கையில கையை விரிச்சுக்கொண்டு நிண்டா. அவவுக்குப் பின்னால ஒரு போலந்துப் பெட்டை, பிறகு சந்தைக்குப் போக ஏறின விட்கோம்ப், தொப்பி இல்லாமல். பிறகு எல்லாரும். அருளம்பலம் அண்ணையின்ர வான் மூண்டு லொறிக்குப் பின்னால மாட்டுப்பட்டு நிண்டு, எல்லாரிலயும் உரத்து ஹோர்ன் அடிச்சது. பராசக்தி அக்கா வானால இறங்கிக் கதவை அடிச்சுச் சாத்திப்போட்டு நடந்து வந்து டொரீனுக்குப் பக்கத்தில நிண்டா.

கல்லு றோட்டில இறங்கினது. கேற் தாரில உரஞ்சிக்கொண்டு பின்னால வந்தது. அங்கால மோட்டல் வேலிக்கரையில சனம் வந்து நிக்கத் தொடங்கினது. ஒரு பொம்பிளை, கையில பிழிஞ்ச உடுப்போட, கல்லைப் பாத்துக்கொண்டு நிண்டவ.

பஸ்ஸுக்குள்ள றேடியோ கூப்பிட்டது. பஸ் கந்தோரில இருந்து மேற்பார்வையாளர்.

"பதினாலு, ஏன் நிக்கிறாய்? பழுதோ?"

"பழுதில்லை."

"அப்ப உடன எடு. வேலை போகும், தவா. சொல்லுறது கேக்குதோ? எவ்வளவு நேரம் நிக்கப்போறாய்?"

எனக்குத் தெரியும் வேலை போகும் எண்டு. வீடும் போகலாம். தூரத்தில பொலிஸ் சத்தமும் கேக்கத் தொடங்கியிட்டுது. கல்லு இன்னும் முதல் ஒழுங்கையைக்கூடத் தாண்டேல்லை.

"அவர் கடந்து முடியுமட்டும்" எண்டு சொல்லிப்போட்டு, எஞ்சினை நிப்பாட்டி, திறப்பைக் கழட்டிச் சட்டைப்பைக்குள்ள போட்டன்.